சீமாட்டி கேனிங்கின் கடிதப் பெட்டி: யார் வைத்தார்கள், யார் விட்டார்கள்?

குளிர்மலை (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி, இரவு 9:12

போன மாதம் குடும்பத்தோடு குன்னூர் போயிருந்தோம். லாம்ஸ் ராக் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் 'லேடி கேனிங்ஸ் சீட்' என்று ஓர் இடம். நாங்கள் போன நேரம் ஒரே பனிமூட்டம். பள்ளத்தாக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற தேயிலைச் செடியும் தெரியவில்லை. கையிலிருந்த மசாலாக் கடலைப் பொட்டலம் நமுத்துப் போனதுதான் மிச்சம். என் மகள் கேட்டாள்: "யாருப்பா அது லேடி கேனிங்? வந்து உட்கார்ந்துட்டுப் போனா பேர் வச்சிடுவாங்களா?"

பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன் மூன்று வாரமாக இன்னும் விடவில்லை.

சார்லட் கேனிங் 1817-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா அங்கே பிரிட்டிஷ் தூதர். 1835-ல் சார்ல்ஸ் கேனிங்கைக் கட்டிக்கொண்டார். மாமனார் ஜார்ஜ் கேனிங் பிரதமராக இருந்தவர், கல்யாணத்துக்கு எட்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். 1842-லிருந்து சார்லட் விக்டோரியா மகாராணியின் அந்தரங்கப் பணிப்பெண்களில் ஒருவர். பணிப்பெண் என்றால் படுக்கை தட்டிப் போடுகிறவர் என்று நினைக்க வேண்டாம். பிரபு வீட்டுப் பெண்கள் முறை வைத்து அரண்மனையில் தங்கி ராணிக்குத் துணையாக இருக்கிற பதவி அது. 1856 பிப்ரவரி கடைசியில் கணவர் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வருகிறார், இவரும் கூட வருகிறார். அடுத்த வருஷமே 1857, சிப்பாய்க் கலகம். 1858 நவம்பரில் கம்பெனி ஆட்சி முடிந்து கணவர் முதல் வைஸ்ராய் ஆகிறார். 1861 நவம்பர் 18 அன்று, டார்ஜிலிங் போய்த் திரும்பும் வழியில் தொற்றிய காய்ச்சலில், கல்கத்தாவில் சார்லட் இறந்துபோகிறார். வயது 44.

இந்த ஆறு வருஷமும் அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மாவுக்கு, தங்கை லூயிசாவுக்கு, ராணிக்கு. டைரி மாதிரி நாள் நாளாக எழுதி, தபால் கப்பல் புறப்படும் நாளில் மொத்தமாகக் கட்டி அனுப்புவது. கூடவே படம் வேறு வரைவார். மரம், பூ, மலை, கோயில் என்று நூற்றுக்கணக்கான வாட்டர்கலர்கள்.

படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த தங்கைக்கு இன்ன பூ இன்ன நிறம் என்று எழுதியது இருக்கிறது. ஒரே மாளிகையில், பக்கத்து அறையில் வேலை பார்த்த கணவரிடம் என்ன பேசினார் என்பதற்குத் துண்டுச் சீட்டு இல்லை. சேர்ந்திருந்தவர்கள் எதற்குக் கடிதம் எழுதப்போகிறார்கள்? ஆக, ஒரு தம்பதியின் கடிதக் கட்டு என்று நாம் கொண்டாடுவது அவர்கள் பிரிந்திருந்த நாட்களின் கட்டுதானோ?

ஆவணம், பழைய தாள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவை எப்படித் தப்பின? யார் கையில் இருந்தன?

---

ராமபாணம் | வெள்ளி, இரவு 11:40

நல்ல இழை. தாள்களோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் தாள் பக்கமிருந்து சொல்கிறேன்.

கேனிங் தம்பதிக்குக் குழந்தை கிடையாது. வாரிசு இல்லாத வீட்டுத் தாள்கள் பெரும்பாலும் அடுப்புக்குப் போகும். இங்கே ஒரு மருமகன் குறுக்கே வந்தார். சார்ல்ஸின் அக்கா ஹாரியட், கிளான்ரிகார்டு பிரபு வீட்டு மருமகள். அவர் மகன் ஹியூபர்ட் தாய்மாமன் சொத்துக்கு வாரிசாகி, பெயருக்குப் பின்னால் 'கேனிங்' என்றும் சேர்த்துக்கொண்டார். மாமன் பெட்டிகளும் அவர் கைக்குப் போயின.

இந்த ஹியூபர்ட் லேசுப்பட்ட ஆள் இல்லை. அயர்லாந்தில் பெரிய நிலச்சுவான்தார். குடியானவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றுவதில் பெயர் வாங்கியவர், நிலத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் லண்டனில் இருந்துகொண்டே. கஞ்சன். ஊரே சபித்த மனிதர். ஆனால் கஞ்சன் எதையும் தூக்கிப் போடமாட்டானே! தாராள மனசுக்காரர் கையில் கிடைத்திருந்தால் வருகிறவர் போகிறவருக்கு ஞாபகார்த்தமாக ஆளுக்கொரு கடிதம் கொடுத்துத் தீர்த்திருப்பார். என் அனுபவத்தில் ஆவணத்துக்குக் கஞ்சன்தான் தெய்வம்.

அவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் 1916-ல் செத்துப்போனார். சொத்து அவருடைய சகோதரி வழிப் பேரன் ஹென்றி லாசல்ஸுக்கு வந்தது. அந்த லாசல்ஸ் பிறகு ஹேர்வுட் பிரபு ஆனார். 1922-ல் அவர் கட்டிய பெண் யார் தெரியுமா? ஐந்தாம் ஜார்ஜின் மகள் மேரி. விக்டோரியாவின் கொள்ளுப்பேத்தி. ராணிக்குப் பணிவிடை செய்த பெண்ணின் பெட்டி இருந்த வீட்டுக்கே ராணியின் கொள்ளுப்பேத்தி மருமகளாக வந்தாள். கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

கேனிங்கின் தாள்கள் இப்போது லீட்ஸ் நகரத்தில், மேற்கு யார்க்‌ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சார்லட்டின் ஓவியங்களில் பெரும்பகுதி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில்.

இன்னொரு கிளையும் உண்டு. தங்கை லூயிசா (வாட்டர்ஃபோர்டு சீமாட்டி, அவரும் நல்ல ஓவியர்) 1891-ல் இறந்தார். அவரோடு பழகிய அகஸ்டஸ் ஹேர் என்பவர் சகோதரிகள் இருவர் கடிதங்களையும் தொகுத்து 1893-ல் மூன்று தடித்த தொகுதிகளாகப் போட்டார். நீங்கள் படிப்பது அதுவாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு 'கணவரைப் பற்றி ஒன்றுமே இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள். குடும்ப நண்பர் தொகுத்த புத்தகம். உப்பு குறைவாகத்தான் போட்டிருப்பார்.

---

ராத்திரிரயில் | சனி, அதிகாலை 12:05

"ஆவணத்துக்குக் கஞ்சன்தான் தெய்வம்." எங்கள் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். 1974 கரண்ட் பில் வரைக்கும் வைத்திருக்கிறார் மனுஷன்.

---

சிப்பாய்57 | சனி, காலை 7:30

எல்லாரும் சீமாட்டி பூ வரைந்ததில் மயங்கிக் கிடக்கிறீர்கள். கொஞ்சம் கசப்பும் குடியுங்கள்.

கேனிங் வீட்டுக்கு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூரில் ஆற்றங்கரைத் தோட்ட மாளிகை. சார்லட்டின் செல்லத் தோட்டம் அதுதான். அதே பாரக்பூர் கண்டோன்மென்டில்தான் 1857 மார்ச் 29 அன்று மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். ஏப்ரல் 8-ல் தூக்கு. அவர் எழுதிய ஒரு வரி உலகில் கிடையாது. அவர் பேசியதாக நமக்குக் கிடைப்பது ராணுவ விசாரணையில் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது மட்டும்.

அந்தத் தோட்டத்து மாலிகள் (தோட்டக்காரர்கள்), பல்லக்குத் தூக்கிகள், படம் வரையும்போது குடை பிடித்து நின்றவன், இவர்களுடைய கடிதக் கட்டு எந்த லீட்ஸில் இருக்கிறது?

கணவரை 'கருணைக் கேனிங்' என்பார்கள். அது கல்கத்தா வெள்ளைக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். 1857 ஜூலை 31 அன்று, பிடிபடுகிற சிப்பாய்களையெல்லாம் கண்மூடித்தனமாகத் தூக்கில் போடாதே, யார் என்ன செய்தான் என்று பார் என்று ஓர் உத்தரவு போட்டார். அதற்குத்தான் அந்தக் கேலி. சரி, நல்ல உத்தரவுதான். ஆனால் அதற்கு முந்தைய மாதம் உயிரை எடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் போட்டு அள்ளிக் கொடுத்ததும் இதே ஆட்சிதான். அலகாபாத் பக்கம் நீல் என்ற தளபதி கிராமம் கிராமமாகத் தொங்கவிட்டான். பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டதும் அந்த ஜூனில்தான். அடுத்த மார்ச்சில் அவத் (லக்னோவைச் சுற்றிய பகுதி) நிலங்களை ஒரே பிரகடனத்தில் பறிமுதல் செய்தார். கருணையின் அளவு இவ்வளவு.

படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

---

குளிர்மலை | சனி, காலை 10:15

சிப்பாய் அண்ணே, ஜன்னல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஜன்னலிலிருந்தே தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1857 கோடையிலும் அதற்குப் பிறகும் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வெள்ளைக்காரப் பெண்களை அங்கஹீனம் செய்தார்கள், மானபங்கம் செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஊரே பழிவாங்கு என்று கத்துகிறது. அந்த அக்டோபரில் ராணி சார்லட்டுக்கு எழுதிக் கேட்கிறார்: இதெல்லாம் கண்ணால் பார்த்த சாட்சி உள்ளதா, இல்லை கேள்விப்பட்ட கதையா? நாட்டை ஆளும் ராணி மந்திரியை விட்டுவிட்டு, பழைய தோழியிடம் கேட்கிறார். சார்லட் விசாரித்துப் பார்த்துவிட்டு, நம்பத்தக்க ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் எழுதினார். கொலைகள் நடந்தன, கான்பூர்ப் படுகொலை நடந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் வதந்தியை வதந்தி என்றே சொன்னார்.

நவம்பரில் ராணி கேனிங்குக்கு எழுதியதில், இந்தியர்கள் எல்லார்மீதும் இங்கே பொதுமக்கள் காட்டும் கிறிஸ்தவத் தன்மையற்ற வெறுப்பைக் கண்டு உங்களைப் போலவே எனக்கும் வருத்தமும் கோபமும் என்கிறார். கல்கத்தா வெள்ளைக்காரர்கள் கேனிங்கைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லி மனு அனுப்பிய வருஷம் அது. அந்த டிசம்பரில் கேனிங் தன் நண்பர் கிரான்வில்லுக்கு எழுதிய தனிக் கடிதத்தில்தான் 'கோபத்தோடு ஆளமாட்டேன்' என்ற வாசகம் வருகிறது. வெளியே இறுக்கமான, அதிகம் பேசாத மனிதர். உள்ளே கொதித்தது சிநேகிதனுக்கு எழுதிய தாளில் இருக்கிறது.

ஒரு தமாஷ்: இந்தியா வருமுன் 1853 முதல் 1855 வரை அவர் பார்த்த வேலை இங்கிலாந்தின் தபால் இலாகா மந்திரி! அந்த மனுஷன் இங்கே வந்து தபாலுக்காகத் தவம் கிடந்தார். மீரட்டில் மே 10 அன்று வெடித்தது லண்டனுக்குத் தெரிய ஜூன் கடைசி ஆயிற்று. இந்தியாவுக்குள் தந்திக்கம்பி இருந்தது, கடலுக்கு அப்பால் போக அப்போது கம்பி இல்லை. கல்கத்தாவில் ஏறும் கடிதம் சென்னை, இலங்கையின் காலித் துறைமுகம், சூயஸ் என்று ஊர்ந்து போக வேண்டும். நம் மெரினாவுக்கு எதிரே அலையில் ஆடிக்கொண்டு நின்ற கப்பலில் அந்தக் கட்டுகளும் இருந்திருக்கும்.

---

வெங்கலப்பானை | சனி, மாலை 4:48

தம்பி குளிர்மலை, 'சேர்ந்திருந்த நாட்களுக்குக் கடிதம் இல்லை' என்று நீங்கள் எழுதியது என்னை உட்கார வைத்துவிட்டது.

என் மாமியார் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மாமனார் மலேயாவில் பதினோரு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் எழுதிய கடிதமெல்லாம் அதில்தான். நீல மையில், ஓரத்தில்கூட இடம் விடாமல் சுற்றிச் சுற்றி எழுதியிருப்பார், தபால் காசு மிச்சம் பிடிக்க. 'தேவரீர் க்ஷேமம்' என்று ஆரம்பித்து மாட்டுக்குத் தவிடு வாங்கியாச்சா என்பதுவரை இருக்கும். அவர் ஊர் திரும்பி முப்பது வருஷம் இருந்தார். அந்த முப்பது வருஷத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மளிகை லிஸ்ட் ஒன்று இருந்தது, அதையும் அவர் கையால் எழுதியது என்பதற்காகவே மாமியார் வைத்திருந்தார்.

இன்னொன்று. மாமியார் மலேயாவுக்கு எழுதிய பதில்கள் ஒன்றுகூட இல்லை. மாமனார் அங்கே வைத்திருக்கவில்லை. ஆண் எழுதியதைப் பெண் பெட்டியில் வைத்தாள், பெண் எழுதியதை ஆண் எங்கோ விட்டுவிட்டு வந்தான். உங்கள் சீமாட்டி விஷயத்தில் அம்மாவும் தங்கையும் வைத்திருந்ததால் பெண் எழுத்து பிழைத்தது. பெண் பெண்ணுக்கு எழுதினால்தான் தப்பும் போலிருக்கிறது.

(பெட்டி இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். வீடு இடிக்கும்போது கொத்தனார்கள் எடுத்துப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார்கள். நான் ஊரில் இல்லை.)

---

ராமபாணம் | சனி, இரவு 8:20

அக்கா, படிக்கவே வயிறு எரிகிறது.

ஆனால் பெண் பெண்ணுக்கு எழுதினால் தப்பும் என்பதில் ஒரு திருத்தம். தப்பும், அச்சுக்குப் போகாது. விக்டோரியாவின் கடிதங்களை 1907-ல் பென்சன், எஷர் என்ற இரண்டு பேர் தொகுத்தார்கள். அரசியல் ஆண்களோடு நடந்த போக்குவரத்துக்குத்தான் அதில் முக்கிய இடம். தோழிகளுக்கும் உறவுப் பெண்களுக்கும் எழுதியவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், அதெல்லாம் வீட்டு விஷயம் என்று. ராணியின் டைரி கதை அதைவிட மோசம். கடைசி மகள் பியாட்ரிஸ் அம்மா சொன்னபடி உட்கார்ந்து பிரதி எடுத்து, வேண்டாததை விட்டுவிட்டு, மூலத்தை எரித்தார். நாட்டை ஆண்டவள் டைரிக்கே அந்தக் கதி. கொத்தனாரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்!

சிப்பாய் தோழருக்கு: மாலிகளின் கடிதம் இல்லை, உண்மை. அவர்கள் படம் கொஞ்சம் இருக்கிறது. கேனிங் தம்பதிக்குப் போட்டோ பைத்தியம் உண்டு. ஊருக்குத் திரும்பும்போது ஞாபகமாகக் கொண்டுபோக இந்த நாட்டு மக்களின் படங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து அரசாங்க வேலையாகி, 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் எட்டுத் தொகுதியாக வந்தது. வீட்டு ஆல்பமாகத் தொடங்கியது சாதி, குலம் என்று மக்களை வகைப்படுத்தும் ஏடாக முடிந்தது. படத்துக்குக் கீழே குலத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. உங்கள் கோபத்துக்குத் தீனி போடுகிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

---

சிப்பாய்57 | சனி, இரவு 8:52

தீனிக்கு நன்றி. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

---

ஹவுராபாலம் | ஞாயிறு, காலை 11:03

வணக்கம். கல்கத்தாவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கும் திருநெல்வேலிக்காரன். எனக்கு முதலில் தெரிந்த கேனிங் ஒரு ரயில். சியால்தாவிலிருந்து 'கேனிங் லோக்கல்' போகும், சுந்தரவனப் பக்கம். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் விடியுமுன் அதில்தான் வந்து இறங்குவார்கள். எங்கள் வீட்டு மாசி, "கேனிங் வண்டி லேட், அதான் லேட்" என்பார். யாரோ ஒரு துரை பெயர் என்பதே அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டாவது கேனிங் ஒரு தித்திப்பு. 'லெடிகெனி'. நம் குலாப் ஜாமூனுக்குச் சித்தி மகள் மாதிரி இருக்கும். லேடி கேனிங் என்பதுதான் வங்காளி வாயில் அப்படிக் கரைந்துபோனது. பீம் சந்திர நாக் என்ற மிட்டாய்க் கடைக்காரர் சீமாட்டிக்காகச் செய்தார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கதைதான், இனிப்பு மட்டும் நிஜம்.

மூன்றாவது பாரக்பூர். சார்லட்டை அந்தத் தோட்டத்திலேயே, ஹூக்ளி கரையில் அடக்கம் செய்தார்கள். பளிங்குச் சமாதி கட்டினார்கள், தங்கை லூயிசாவுக்கும் அதன் வடிவமைப்பில் பங்கு உண்டு. வங்காள மழைக்குப் பளிங்கு தாங்கவில்லை. அதனால் அசலைக் கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், பாரக்பூரில் பிரதி வைத்தார்கள். செயின்ட் ஜான்ஸில் முகப்பு மண்டபத்திலேயே இருக்கிறது. ஒருநாள் ஆபீஸ் மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தேன். கல்வெட்டைக் கேனிங்கே எழுதினார் என்பார்கள். கல்லறையில் எழுதும் புகழ்ச்சி வெறும் வீண்பெருமை என்கிற மாதிரி ஆரம்பித்து, அவளுடைய ஈகையும் பணிவும் விசுவாசமும் கடவுளிடம் ஏற்கப்படும் என்பதே அவளை அறிந்து நேசித்தவர்களின் நம்பிக்கை என்று முடியும். பக்கத்தில் ஒரு பெரியவர் டிபன் கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல நிழல்.

இன்னொரு விஷயம் கேட்டால் குளிர்மலைக்குப் பிடிக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு கல்கத்தா வீதிகளிலிருந்து துரைமார் சிலைகளைப் பெயர்த்தார்கள். குதிரைமேல் இருக்கும் கேனிங் சிலையைக் கொண்டுபோய் பாரக்பூரில், மனைவி சமாதியைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். வைத்தது யார் யோசனையோ. ஆபீஸ் கோப்பில் 'காலியிடம் உள்ளது' என்றுதான் எழுதியிருப்பார்கள்.

---

நெறியாளர் | ஞாயிறு, மதியம் 1:30

மங்கள் பாண்டே பற்றிய இரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கடிதம், தாள், கேனிங் குடும்பம் மட்டும் தொடரட்டும். லெடிகெனி செய்முறை கேட்டவர் சமையல் பகுதிக்குப் போகவும்.

---

ராமபாணம் | ஞாயிறு, இரவு 9:45

குளிர்மலை, உங்கள் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று தோன்றியது. நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள் என்று நினைத்தேன், இடமே உங்களுடையது.

1858 தொடக்கத்தில் போர் இன்னும் முடியவில்லை. கேனிங் கல்கத்தாவை விட்டு அலகாபாத்துக்குப் போய்விட்டார், போர் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஆள. அங்கே மனைவியைக் கூட்டிப்போக முடியாது. அந்த வருஷம்தான் சார்லட் தெற்கே வருகிறார். சென்னை, பெங்களூர், அப்புறம் நீலகிரி. அப்போது சென்னை கவர்னர் ஹாரிஸ் பிரபு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899-ல்தான், ஆக இந்த அம்மாள் மலையேறியது அதற்கு நாற்பது வருஷம் முன்னால். மாதக்கணக்கில் மலையில் இருந்தார்.

கணவர் ஓர் ஊரில், மனைவி இன்னோர் ஊரில். நடுவில் போர். இருவரும் தாளில் பேசிக்கொள்ள வேண்டிவந்த நீண்ட காலம் அதுதான். 'சேர்ந்திருந்த நாட்களுக்குக் கடிதம் இல்லை' என்ற உங்கள் கணக்குச் சரியென்றால், அந்தத் தாம்பத்தியம் மைக்கு வந்தது உங்கள் மகள் கடலை தின்ற இடத்திலிருந்துதான்.

இன்னொரு கடிதம். இதை நான் படித்த அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை.

சார்லட் இறந்த நான்காம் நாள், 1861 நவம்பர் 22, கேனிங் ராணிக்கு எழுதினார். ராணியும் சார்லட்டை இருபது வருஷமாக அறிந்தவர் ஆயிற்றே. கடிதம் வழக்கம்போல் கப்பலில் ஊர்ந்தது. அது கடலில் இருக்கும்போதே, டிசம்பர் 14 அன்று, ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்துபோனார். அன்று கேனிங்குக்கு 49-வது பிறந்தநாள். மனைவி போன துக்கத்தைச் சொல்லும் கடிதம், கணவனை இழந்து கிடந்த பெண் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1862 ஜனவரி 10 அன்று ராணி பதில் எழுதுகிறார்: நீங்கள் இதை எழுதியபோது, இது என்னிடம் வரும் நேரத்தில் நானும் இதே போன்ற அடியால் தரையோடு தரையாகக் கிடப்பேன் என்று நினைத்திருக்கமாட்டீர்கள் என்று. தன்னைப் பற்றிய பேச்சையெல்லாம் 'ராணி' என்று படர்க்கையிலேயே எழுதுவது அரண்மனை வழக்கம். அந்தப் படர்க்கைக்குள் அழுகிறார். ஆறு வாரத் தபால் இல்லாவிட்டால் இப்படி ஒரு கடிதம் பிறந்தே இருக்காது.

கேனிங் மார்ச்சில் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். ஜூன் 17 அன்று லண்டனில் செத்துப்போனார். அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். அவள் ஹூக்ளி கரையில்.

---

வெங்கலப்பானை | ஞாயிறு, இரவு 10:20

என் மாமனார் இறந்த செய்தியை மலேயாவிலிருந்த அவர் சிநேகிதருக்கு எழுதிப் போட்டோம். கடிதம் திரும்பி வந்தது, 'விலாசதாரர் காலமானார்' என்று சிவப்பு மையில். அதை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன், பீரோவில். பேப்பர்காரனுக்குப் போகாமல் தப்பியது அது ஒன்றுதான்.

---

சிப்பாய்57 | ஞாயிறு, இரவு 10:41

ராமபாணம், அந்த ராணி கடிதம்... சரி, ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா, அந்த உறையை ஸ்கேன் செய்து வையுங்கள். ஒளி படாத இடத்தில், பிளாஸ்டிக் கவரில் போடாமல், வெள்ளைத் துணியில் சுற்றி. ராமபாணம், நான் சொல்வது சரிதானே?

---

ராமபாணம் | ஞாயிறு, இரவு 10:58

துணி வேண்டாம், அமிலமில்லாத காகித உறை கிடைக்கும். தனிமடலில் எழுதுகிறேன் அக்கா. பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

---

குளிர்மலை | திங்கள், காலை 6:50

1858 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

மகளிடம் சொன்னேன், இப்படி இப்படி, அந்த அம்மா அங்கிருந்துதான் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினாங்களாம் என்று. "அந்த பெஞ்சுலயா? பனியில பேப்பர் நமுத்துப் போயிருக்குமே" என்கிறாள். யாராவது டிசம்பரில் குன்னூர் போனால், பனி இல்லாத நாள் பார்த்து அந்த இடத்திலிருந்து ஒரு போட்டோ போடுங்கள். அவர் என்னத்தைப் பார்த்தார் என்று நான் இன்னும் பார்க்கவில்லை.